இங்கன கொஞ்சம் உக்காரு

தூத்துக்குடி
6.1.2025

செல்வி,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிக்கத் தோன்றியிருக்கும். கிழிக்காமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் பண்ண முடியாது. ஒன்று, என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். இன்னொன்று, எனக்குக் குரல் கிடையாது. புற்று என்று சொல்லி நவம்பரில் குரல்வளையை அறுத்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. உப்பளத் தூசி உள்ளே போய்விடக் கூடாது என்று நனைத்த லேஞ்சித் துணியை அதன்மேல் தொங்கவிட்டிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். மைக்கைப் பிடித்தால் விட மாட்டேன் என்று என்னைக் கேலி செய்வாயே, இப்போது சந்தோஷப்படு.

வீட்டில் எல்லோரும் நாடகம் நடத்துகிறார்கள். என் பிலோமியை உனக்குத் தெரியும், தருவைகுளத்துக்காரி, வாயில் பொய் நிற்காது. அவள் தினமும் காலையில் 'இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்கு' என்கிறாள். மகன் ஜாய்சன் டாக்டரோடு வராந்தாவில் நின்று பேசிவிட்டு, உள்ளே வரும்போது சிரிப்பை மாட்டிக்கொண்டு வருகிறான். மருமகள் ஜெமிமா ஸ்கேன் ஃபைலைக் கொண்டுபோய்த் தன் அம்மா வீட்டில் வைத்துவிட்டாள். டாக்டரிடம் நானே எழுதிக் கேட்டேன், 'எவ்வளவு காலம்?' என்று. அவர் ஜாய்சன் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, 'பாசிட்டிவா இருங்க சார்' என்றார். பார்க்க வருகிறவர்கள் மக்ரூன் பெட்டியோடு வருகிறார்கள். தொண்டை இல்லாதவனுக்கு மக்ரூன்!

எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தெரியும். ஆனால் தானாகத் தெரிவது வேறு, ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்பது வேறு. முப்பது வருஷமாகக் கதைகளில் அடுத்தவன் சாவை எழுதியிருக்கிறேன். என் சாவை என்னிடம் சொல்ல ஒரு நாதி இல்லை.

ஜாய்சன் பத்தாம் வகுப்பில் தமிழில் தேறியது நீ சொல்லிக்கொடுத்ததால். நீ கேட்டால் மறைக்க மாட்டான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு எனக்கு எழுது. நீயும் கதை எழுதுகிறவள்தானே, விக்டர் செத்தான் என்று ஒரு கதையும் எழுதி அனுப்பு. அச்சில் வர வேண்டாம், நான் வாசிக்க வேண்டும். என்மேல் பிரியம் உள்ள யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள வருகிற நர்ஸ் கிளாடிஸ் இதைத் தபாலில் போடுகிறாள். நீயும் அவள் பெயருக்கே எழுது.

விக்டர்

✦

ஸ்ரீவைகுண்டம்
17.1.2025

திரு. விக்டர் மோத்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். குரல் போன செய்தியை மட்டும் மூன்றாவது முறையும் படித்தேன். நீங்கள் சொன்னபடியே சந்தோஷப்பட்டேன்.

உங்களுக்கு மறந்திருக்கலாம், நான் ஞாபகப்படுத்துகிறேன். என் வீட்டுக்காரர் சிவசு வாழையிலை மண்டி வைத்திருந்தவர். உங்கள் கதை வந்திருக்கிறது என்றால் மண்டியைப் பூட்டிவிட்டு வாசிக்கிறவர். அவர் ஈரலில் புற்றோடு திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அவருக்கு அது தெரியாது. மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்திருந்தேன். பொய் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். எங்கள் தெருவே என்னோடு சேர்ந்து பொய் சொன்னது. நீங்கள் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கூட்டாளிக்காக உருகுகிறார் என்று நினைத்து உங்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்!

அவர் உயிரோடு இருக்கும்போதே உங்கள் 'இலைக்கட்டு' பத்திரிகையில் வந்துவிட்டது. வாழையிலை வியாபாரி, மஞ்சள் பூத்த பாதம், காமாலை என்று பொய் சொல்லும் பெண்டாட்டி, கடைசியில் அவன் சாவு. ஊரையும் பேரையும்தான் மாற்றியிருந்தீர்கள். பிலோமி அக்கா, பாவம், உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் அதைச் சாத்துக்குடிப் பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தான் சாகப் போகிற செய்தியை என் வீட்டுக்காரர் உங்கள் கதையில் படித்தார்.

அதற்குப் பிறகும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் 'செல்வி, இங்கன கொஞ்சம் உக்காரு' என்றார். தலையணைக்கு அடியில் பத்திரிகையின் முனை தெரிந்தது. 'உக்காந்தா எளநி யாரு வாங்கியாருவா? உங்களுக்கு ஒண்ணுமில்ல, பேசாமப் படுங்க' என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். முகத்தில் ஒரு சுருக்கம் காட்டவில்லை. அப்படி நடித்தேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடிக் கிடந்தார். அதன் பிறகு தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார், வேறு பேச்சே கிடையாது. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

உங்கள் கதையில் வருகிறவனும் அப்படித்தானே? தெரிந்தும் தெரியாதவன் மாதிரி, பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் சாகிறான். என்ன அழகான முடிவு என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அந்த அழகைப் பார்த்து என் வீட்டுக்காரரும் அப்படியே செய்துவிட்டார். முப்பது வருஷம் கூட இருந்தவளிடம் போய்வாரேன் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வர வேண்டிய அந்த ஒரு வார்த்தையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

ஜாய்சனிடம் பேசினேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதான். ஆக, எனக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒன்றுமில்லை அண்ணாச்சி. எல்லாம் சரியாகிவிடும். பேசாமல் படுங்கள்.

சந்தனச்செல்வி

✦

தூத்துக்குடி
20.2.2025

ஏளா செல்வி,

உனக்குள் இவ்வளவு விஷம் இருக்கிறதா? இதில் கால்வாசியை உன் கதைகளில் கலந்திருந்தால் உன்னையும் நாலு பேர் படித்திருப்பார்கள். உன் கதையில் யார் செத்தாலும் ஜன்னல் வழியாக வெயில் வந்து முகத்தில் விழும். ஒருத்தனாவது படுக்கையை நனைத்திருக்கிறானா? ஒருத்தனாவது பக்கத்தில் நிற்கிறவனை வைதிருக்கிறானா?

நான் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது சிவசு என் கையைப் பிடித்துக் கேட்டான். 'எனக்கு என்னல சீக்கு? அவ காமாலைங்கா. நீயாவது சொல்லுல' என்றான். கேட்டான், எழுதினேன். என் முடிவைப் பார்த்து அவனும் அப்படியே செய்தான் என்கிறாய். நிஜமாக இருந்தால் அவனைப் போல ஒரு வாசகன் இனி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

இங்கே நடந்த கூத்தைக் கேள். சாகக் கிடக்கிறவனுக்குச் சாமியார் எண்ணெய் பூச வருவார், அவஸ்தை பூசுதல் என்பார்கள். இப்போது நோயில்பூசுதல் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றி என்ன? சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எங்கள் தெருவில் அடுத்த பேச்சு சவப்பெட்டிதான். பிலோமிக்குத் திண்டாட்டம். பூசாமல் நான் செத்துவிடக் கூடாது, பூசினால் எனக்குத் தெரிந்துவிடும். என்ன செய்தாள் தெரியுமா? லூர்து மாதா திருநாளைக்குத் தெருவில் உள்ள கிழடுகளை எல்லாம் கூப்பிட்டு எங்கள் முன்னறையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டாள். எல்லோருக்கும் பூசுகிறார்களாம், அதில் நானும் ஒருத்தனாம். கிழடுகளுக்கு நடிக்கத் தெரியவில்லை. அத்தனையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பக்கத்துப் பலசரக்குக் கடை காசிலிங்கம் அண்ணாச்சி வேடிக்கை பார்க்க வந்தவர். நாற்காலி காலியாக இருக்கிறதே என்று கடைசியில் உட்கார்ந்துவிட்டார். சாமியார் எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதுசு. அண்ணாச்சி நெற்றியில் இருந்த திருநீற்றின் மேலேயே எண்ணெயைப் பூசிவிட்டார். அண்ணாச்சியும் மரியாதைக்கு இரண்டு கையையும் நீட்டிக் காட்டிப் பூசிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. ஜெமிமா போனில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வைத்த எண்ணெய் ஆள் மாறி வேலை செய்துவிட்டது! நான் சிரித்தேன். சத்தம் வராது, ஓட்டை வழியாகக் காற்றுதான் வரும். மூச்சுத் திணறுகிறது என்று பிலோமி கிளாடிஸைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். இப்போது எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அண்ணாச்சி பல் தெரியச் சிரிக்கிறார். நான் அதைக் கையால் காட்டினால், 'அண்ணாச்சி ஊருக்குப் போயிருக்காவ' என்கிறாள் பிலோமி. அடுத்தவன் சாவைக்கூட இந்த வீட்டில் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

உனக்குக் கல்நெஞ்சு. அந்தக் கல்லைத் தூக்கி என்மேல் போடு. கதையை எழுது.

விக்டர்

✦

ஸ்ரீவைகுண்டம்
27.2.2025

விக்டர் அண்ணாச்சிக்கு,

காசிலிங்கம் அண்ணாச்சி விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். உங்கள் எழுத்துக்கு இன்னும் சிரிக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் எழுதிய கதை இத்துடன் இருக்கிறது.

பெயர்களை மாற்றவில்லை. நீங்கள் எங்களுக்குச் செய்த அந்தச் சின்ன மரியாதைகூட உங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெயில் யார் முகத்திலும் விழவில்லை. படுக்கை நனைகிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விரிப்பை மாற்றுகிறாள். இரங்கல் கூட்டத்துக்குப் பாதி நாற்காலி காலி, பேசுகிறவர் உங்கள் நாவலின் பெயரைத் தப்பாகச் சொல்கிறார், யாரும் திருத்தவில்லை. கடைசியாகக் கடலில் முத்தெடுக்கும் சலாபம் நடந்தபோது உங்களுக்குப் பால்குடிகூட மறந்திருக்காது. இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் கடலில் இறங்கியதும் கிடையாது. அப்படிப்பட்டவர் முத்துக்குளிப்பைப் பற்றி மூன்று நாவல் எழுதினார் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

டாக்டர் சொன்ன கெடு கதையில் இருக்கும் என்று தேட வேண்டாம். அதைச் சொல்ல மாட்டேன். முடிவை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

சந்தனச்செல்வி

✦

தூத்துக்குடி
6.3.2025

செல்வி,

நல்ல கதை. இதுவரை நீ எழுதியதில் இது ஒன்றுதான் கதை. கழுத்து ஓட்டைப் பக்கத்தில் ஈ உட்காருகிறது, அவனுக்கு அதை விரட்டச் சொல்லக் குரல் இல்லை, பார்க்க வந்தவர் அரசியல் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கிற மாதிரி காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரங்கல் கூட்டத்தைப் படித்த அன்றைக்குக் குழாயில் ஊற்றுகிற கஞ்சிகூட உள்ளே போகவில்லை. சண்டாளி, கை கொடு.

ஆனால் முடிவு? விக்டர் சிலேட்டில் எழுதுகிறானாம், 'பிலோமி, நான் போறேன். நீ கூட இருந்தே, அது போதும்' என்று. அவள் அதை வாசித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாளாம். சீ, டிவி சீரியல்! சிவப்பு மையால் அடித்து அனுப்பியிருக்கிறேன். அதற்கு முந்தின வரியிலேயே கதை முடிந்துவிட்டது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறான், அவ்வளவுதான். சாகிறவன் சொல்லிக்கொண்டு போக மாட்டான். அதைச் சேர்த்தது உன் ஆசை, கதையில் அதற்கு இடமில்லை.

நேற்று சாம்பல் புதன். சாமியார் வீட்டுக்கே வந்து என் நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணுக்குத்தான் திரும்பப் போகிறாய் என்று சொன்னார். இந்த வீட்டுக்குள் வந்து எனக்கு உண்மை சொன்ன முதல் ஆள். உருகிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு பிலோமியிடம் போய் அவளுக்கும் அதையே சொன்னார்.

அந்தக் கெடுவைச் சொல்லேன், செல்வி. கெஞ்சிக் கேட்கிறேன்.

விக்டர்

✦

ஸ்ரீவைகுண்டம்
11.3.2025

அண்ணாச்சி,

நீங்கள் அடித்த வரிகளை அப்படியே திரும்ப எழுதிவிட்டேன். கதை எனக்குச் சொந்தம்.

சாகிறவன் சொல்லிக்கொண்டு போக மாட்டான் என்று யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? என் வீட்டுக்காரர் உங்களிடம் கற்றுக்கொண்டார். உங்களுக்கு யார் வாத்தியார்? உங்களுக்குச் சாவுப் பயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத்தான் பயம். அந்தப் பயத்துக்கு இலக்கியம் என்று பெயர் வைத்து அச்சடித்து, எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் அனுப்பி வைத்தீர்கள்.

உண்மை வேண்டும், உண்மை வேண்டும் என்று ஊரைக் கூட்டுகிறீர்களே, சிலேட்டு உங்கள் கையில்தானே இருக்கிறது? பிலோமி அக்கா அடுப்படியில்தானே இருக்கிறார்? நான் எழுதிய அந்த வரியை எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள், டாக்டர் சொன்னதை அடுத்த தபாலில் சொல்கிறேன்.

காட்ட மாட்டீர்கள். உங்கள் தைரியமெல்லாம் அடுத்தவர் சாவில்தான்.

செல்வி

✦

தூத்துக்குடி
19.3.2025

செல்வி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பேனா கையில் நிற்கவில்லை. எழுதிக் காட்டினேன். உன் வரியைத்தான், ஓர் எழுத்து மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். மணியை அடித்துக் கூப்பிட்டேன். கையில் செதிலோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிலேட்டைத் திருப்பினேன். உதடு அசைய முழுவதையும் வாசித்தாள், நான் பார்த்தேன். உன் கதையில் வருகிற மாதிரி கையைப் பிடித்துக்கொள்வாள் என்று கையைக்கூட நீட்டி வைத்திருந்தேன். வெட்கக்கேடு!

முந்தானையால் சிலேட்டைத் துடைத்தாள். ஓரம் வரைக்கும் அழுத்தித் துடைத்தாள். 'என்னத்தையாவது கிறுக்காதிய. உங்களுக்கு ஒண்ணுமில்ல. மீனு வெயில்ல கெடக்கு' என்றாள். எழுந்து போய்விட்டாள். சிலேட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் சிலேட்டு இல்லை, இந்தக் காகிதமும் பேனாவும் கிளாடிஸ் யாருக்கும் தெரியாமல் கொடுத்தது. தண்ணீர் வேண்டுமானால் கையைக் காட்டுகிறேன், போர்வை வேண்டுமானால் காலைக் காட்டுகிறேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். எனக்குப் பிடித்த முடிவு. கழுத்தை அறுத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

அப்படிப் படுத்துக் கிடக்கும்போதுதான் உன் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. எடுத்து மறுபடி படித்தேன். 'செல்வி, இங்கன கொஞ்சம் உக்காரு.' என் கதையைப் படித்த மறுநாள் சாயங்காலம். அவன் எதற்கு உன்னை உட்காரச் சொன்னான் என்று ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது யோசித்தாயா? இளநீர் குடிக்கவா? போய் 'இலைக்கட்டு' கதையை எடுத்துப் பார். அதில் அவன் பெண்டாட்டியை உட்காரச் சொல்லவே இல்லை. சிவசு என் கதையின் முடிவைச் செய்யவில்லை, ஏளா. உனக்கு வர வேண்டிய வார்த்தையை வாய்வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். நீதான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். அதற்கப்புறம் அவன் தண்ணீரும் போர்வையும் கேட்காமல் வேறு என்ன கேட்பான்?

ஒன்பது வருஷமாக என் தலையில் ஏற்றி வைத்ததை இறக்கி உன் தலையில் வைத்துக்கொள். எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

சொன்னபடி செய்துவிட்டேன். நீ சொல்ல வேண்டியதைச் சொல்.

விக்டர்

✦

ஸ்ரீவைகுண்டம்
24.3.2025

அண்ணே,

அந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அவர் தலையணைக்கு அடியில் வைத்திருந்த அதே பிரதிதான். நீங்கள் சொன்னது சரி. கதையில் அவன் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

இதை என்னிடம் சொல்லாமலே நீங்கள் செத்திருக்கலாம். உங்களை வைதுகொண்டே மிச்ச நாளையும் ஓட்டியிருப்பேன். இரண்டு நாளாக அடுப்பு பற்ற வைக்கவில்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன், அந்த நாலு வார்த்தை மட்டும்தான் காதில் வருகிறது.

டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். ஜனவரியிலேயே கையை விரித்துவிட்டார். நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. இனி மருந்து கொடுப்பது வலிக்கு மட்டும்தான். இந்த ஈஸ்டரை நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று ஜாய்சனிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் சாகப் போகிறீர்கள், விக்டர் அண்ணே.

முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்க வேண்டும் என்றீர்கள். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். இதையே உங்கள் கண்ணைப் பார்த்து இன்னொரு தடவை சொல்கிறேன். மன்னிக்க வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

கடைத்தெருவில் ஒரு சிலேட்டு வாங்கியிருக்கிறேன், கொண்டுவருகிறேன். பிலோமி அக்காவின் கையைப் பிடித்து உங்கள் கட்டிலிலேயே உட்கார வைக்கிறேன். மீன் நாறினால் நாறட்டும். நீங்கள் மெதுவாக எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரைக்கும் அவரை எழுந்திருக்க விட மாட்டேன். நானும் எழுந்திருக்க மாட்டேன்.

செல்வி